டோகல் ட்ராக்: நாள் எங்கே போகிறது என்று காட்டும் செயலி

நேரத்தைக் குறித்து வைக்க என்ன வைத்திருக்கிறாய் என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். செயலியின் பெயர் டோகல் ட்ராக். எஸ்டோனியாவில் 2006இல் தொடங்கியது, முன்பு வெறும் டோகல் என்றுதான் பெயர். நான் இலவசத் திட்டத்தில்தான் இருக்கிறேன், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, காசு கட்டும் தேவை இதுவரை வரவில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், அதுவும் சம்பாதிக்கிற வேலையும் வீட்டு வேலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறவர்கள், கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சம்பாதிக்கிற வேலையை மட்டும் பதிந்தால் பாதிப் பயன்தான். முழு நாளையும் பதிய வேண்டும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடை, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, நாலைந்து லோரி வைத்து ஓட்டும் ஒரு கம்பெனி, இப்படி. எல்லாரிடமும் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறேன், மணிக்கணக்குக் கிடையாது. கூடவே சர்க்கரை நோயுள்ள அம்மா, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப்போகும் மகன், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர். காலையில் பசியாறியதிலிருந்து ராத்திரி சட்டி பானை கழுவிக் கவிழ்க்கும்வரை ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை, ஆனால் இன்றைக்கு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல வாயில் ஒன்றும் வராது. இந்த ஊரில் என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பயன்படுத்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என்ன செய்யப் போகிறோமோ அதை ஒரு வரியில் எழுதிப் பொத்தானை அழுத்தினால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அடுத்த வேலைக்குப் போகும்போது அதன் பெயரைப் போட்டு அழுத்தினால் முந்தையது தானாக நின்று புதியது ஓடும். நேற்றுச் செய்த அதே வேலை என்றால் மறுபடி எழுதவே வேண்டாம், பழைய பதிவின் பக்கத்தில் இருக்கும் முக்கோணத்தைத் தட்டினால் போதும். அழுத்த மறந்துவிட்டால் பிறகு உட்கார்ந்து நேரத்தைக் கையால் எழுதிச் சேர்க்கலாம். ஒவ்வொரு பதிவையும் ஒரு தலைப்பின் கீழ் வைத்து அதற்கு ஒரு நிறம் கொடுக்கலாம், எந்த வாடிக்கையாளருக்கு என்று குறிக்கலாம், அதற்கு மேல் ஒட்டுச்சீட்டு மாதிரி ஒரு குறிச்சொல்லும் சேர்க்கலாம். கைப்பேசி, கணினி, உலாவி மூன்றிலும் ஒரே கணக்கு. எல்ஆர்டியில் போகும்போது கைப்பேசியில் தொடங்கியதை வீட்டுக்கு வந்து கணினியில் நிறுத்தலாம். இணையம் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பதிந்தாலும் இணைப்பு வந்ததும் போய்ச் சேர்ந்துவிடும். திரையில் இருப்பது ஆங்கிலம், ஆனால் நாம் எழுதும் பெயர்களும் குறிப்புகளும் தமிழிலேயே இருக்கலாம். என்னுடையது முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது, மகனுக்கும் பழக்கமாகிவிட்டது.

சரி, இதனால் என்ன கண்டேன் என்பதுதான் முக்கியம்.

ஜவுளிக்கடை அண்ணன் மாதா மாதம் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார். செந்தூலில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி, நடந்து போய், அவர் வியாபாரத்தை முடித்து நிமிரும்வரை நின்று அதை வாங்கி வர வேண்டும். வீட்டுக்கு வந்து பையை மேசையில் கவிழ்த்தால் பெட்ரோல் ரசீது, பார்க்கிங் சீட்டு, மொத்த வியாபாரியின் பில், மாமாக் கடையில் தே தாரேக் குடித்த பில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பாதிக்கு மேல் வெப்பத்தாளில் அச்சடித்தது, காரில் வெயில் பட்டுக் கிடந்து எழுத்து வெளுத்துப் போயிருக்கும். மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பிடித்தால்தான் தேதி 3ஆ 8ஆ என்று தெரியும். தெரிந்த உடனேயே படம் பிடித்து வைத்துவிட வேண்டும், ஏனென்றால் வருமான வரிச் சட்டப்படி வியாபார ஆவணங்களை 7 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும், அந்தத் தாளில் எழுத்து அத்தனை காலம் நிற்காது. இவ்வளவும் ஆன பிறகுதான் கணக்கு மென்பொருளைத் திறக்கவே முடியும்.

இந்த வேலையை நான் "ஜவுளிக்கடை" என்று ஒரே பெயரில் பதியவில்லை. போய்வருதல், பிரித்தல், பதிதல், விளக்கம் சொல்லுதல் என்று நான்காக உடைத்துக் குறிச்சொல் கொடுத்தேன். மாதக் கடைசியில் அறிக்கையைத் திறந்தால் ஒரு வளைய வரைபடம் வரும், ஒவ்வொரு நிறமும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். கணக்குப் பதிகிற வேலைதான் அதில் மிகச் சிறிய துண்டு! மற்ற மூன்றும்தான் வளையத்தை அடைத்துக்கொண்டு நின்றன. எனக்கே அது நம்ப முடியாததாக இருந்தது, ஏனென்றால் என் மனதில் என் வேலை என்றால் பதிவதுதான்.

அந்த அண்ணன் நல்லவர்தான், ஆனால் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அஞ்சு நிமிஷ வேலைதானேம்மா" என்பார். அடுத்த தடவை போனபோது வாக்குவாதம் எதுவும் செய்யாமல் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பதியிறதுக்குக் காசு குடுக்கிறேன்னு நெனச்சேன், நீ ரசீது பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கியேம்மா" என்றார். அந்த மாதமே கட்டணத்தை ஏற்றிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய லாபம் என்னவென்றால், கடையில் கல்லாவில் இருக்கும் பெண் இப்போது ரசீது வந்த அன்றே அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டுத் தாளைத் தேதிவாரியாக உறையில் போட்டு வைக்கிறார். பிரித்தல் என்ற நிறம் ஜவுளிக்கடை வளையத்தில் ஒரு கீற்றாகச் சுருங்கிவிட்டது.

விளக்கம் சொல்லுதல் மட்டும் குறையவில்லை, குறையும் என்றும் தோன்றவில்லை. பில்களை மின்வழியே வரி வாரியத்துக்கு அனுப்பிப் பதியும் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு வியாபாரம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்குத் தொடங்கி, பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு அலைதான். "நமக்கும் வருமாம்மா? எப்போ வரும்? வரலன்னா என்ன செய்யணும்?" இதைக் கேட்டு வரும் அழைப்புகளை எல்லாம் நான் வேலையாகவே நினைத்ததில்லை. நம் ஆள் கேட்கிறார், நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அழைப்பு வந்ததும் கடிகாரத்தைத் தட்டப் பழகிய பிறகு பார்த்தால், சில வாரங்களில் கணக்கு எழுதிய நேரத்தைவிடத் தொலைபேசியில் விளக்கம் சொன்ன நேரம் அதிகம். அதை நிறுத்தப் போவதில்லை, அவர்கள் நம்பிக் கேட்கிறார்கள், பயம் நியாயமானது. ஆனால் அது வேலை, அதற்கும் விலை உண்டு என்று இப்போது கட்டணம் பேசும்போதே சொல்லிவிடுகிறேன்.

மாதத்தின் போக்கும் இதில் நன்றாகத் தெரியும். இபிஎஃப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற சமூகக் காப்பு, வேலைக் காப்புறுதி, மாதாந்திர வரிப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் கடைசி நாள் 15ஆம் தேதி. என் பட்டை வரைபடத்தில் 10இலிருந்து 15 வரை பட்டைகள் ஓங்கி நிற்கும், 16ஆம் தேதி பொத்தென்று விழும். பிப்ரவரிக் கடைசியில் தொழிலாளர்களுக்கு வருடச் சம்பள விவரமான இஏ பாரம் கொடுத்தாக வேண்டும், அப்புறம் ஜூன் 30 வரை வியாபாரிகளின் வருமான வரிக்கான பி பாரம், மின்வழி என்றால் ஜூலை 15 வரை நீளும். இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம்தான், ஆனால் அவை என் உடம்பிலிருந்து எவ்வளவு எடுக்கின்றன என்பது தெரியாமல் இருந்தது. இப்போது 10க்கும் 15க்கும் இடையில் அம்மாவின் கிளினிக் தேதி விழாமல் பார்த்துக்கொள்கிறேன், கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்து தங்கச் சொன்னால் காரணத்தோடு மறுக்கிறேன். தொழிலாளிக்கு வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்று 2023 ஜனவரி 1இலிருந்து சட்டம் இருக்கிறது, அதற்கு முன் 48. நம்மைப் போலச் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு அந்த வேலியை யாரும் போட்டுத் தரமாட்டார்கள், நாமே எண்ணிப் பார்த்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கணினிப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது சும்மா இருப்பதைக் கண்டுபிடிக்கும் வசதி. விசைப்பலகையையும் மவுஸையும் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் செயலி அதைக் கவனித்து வைத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும், இத்தனை நிமிடம் நீ இங்கே இல்லை, இந்த நேரத்தை வேலையில் வைக்கவா எடுத்துவிடவா என்று கேட்கும். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிடுவார், போனால் மாத்திரை, அப்புறம் காலுக்கு எண்ணெய், அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்திருக்க எங்கே நேரம்? திரும்பி வந்து அந்தக் கேள்வியைப் பார்க்கும்போது எடுத்துவிடு என்று அழுத்திவிட்டு, அந்த நிமிடங்களை அம்மாவின் பெயரில் எழுதிவிடுவேன். வாடிக்கையாளர் கணக்கும் சுத்தமாக இருக்கும், அம்மாவின் கணக்கும் விட்டுப்போகாது.

அம்மாவின் கணக்கு என்று சொன்னேன், அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். இந்த மாதிரிச் செயலிகளை எல்லாரும் அலுவலக வேலைக்கு என்றே நினைக்கிறார்கள். நான் "அம்மா" என்று ஒரு தலைப்பு வைத்து அதற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறேன். காலையில் சர்க்கரை பார்த்து எழுதுவது, கஞ்சி, இன்சுலின், குளிக்க வைப்பது, கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பது, மருந்து வாங்கும் வரிசை, ராத்திரி எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, எல்லாம் அதில்தான். சமையல், துணி, மகனின் பள்ளி விஷயங்கள் வேறு நிறம். முழு வாரத்தையும் இப்படிப் பதிந்து பார்த்தால், நாட்காட்டி மாதிரிக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் ஆரஞ்சு பரவிக் கிடப்பதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வருத்தத்தால் இல்லை. இதெல்லாம் நடக்கிறது, நான்தான் செய்கிறேன், கற்பனை இல்லை என்று கண்ணால் பார்த்த நிம்மதி.

கிள்ளானில் இருக்கும் என் அண்ணனுக்கு அதைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, நீ வீட்டிலேயேதானே இருக்கிறாய் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தவர். "அண்ணே, சண்டைக்கு இல்ல, சும்மா பாருங்க" என்று கைப்பேசியைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு, 4 மணிக்கு ஒரு கோடு, அதைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன். "இது எனக்குத் தெரியாதே" என்றார். இப்போது சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு சாயந்திரம்வரை அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். வாயால் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தது அது, சொல்லும்போதெல்லாம் குறை சொல்வதாகவே போய் முடிந்தது. நேரமும் நிறமுமாக எதிரே வைத்தபோது யாருக்கும் கோபம் வரவில்லை.

ஒவ்வொன்றையும் குறிப்பது ஒரு நோய் மாதிரி என்று சொல்கிறவர்கள் உண்டு. அலெக்சாந்தர் லூபிஷ்செவ் என்ற ரஷ்யப் பூச்சியியல் அறிஞர் 1916இல் தன் நேரத்தைக் குறிக்கத் தொடங்கி 1972இல் இறக்கும்வரை நிறுத்தவில்லை, மாதத்துக்கும் வருடத்துக்கும் கூட்டுத் தொகை போட்டு வைத்தார், தாளும் பேனாவும்தான் அவர் கருவி. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: நடுவில் போன இடைவெளிகளைக் கழித்துவிட்டு, நிஜமாக அந்த வேலையில் போன நேரத்தை மட்டும் எழுத வேண்டும் என்பது. மூன்று மணி நேரம் மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு, அதில் வேலை நடந்தது எவ்வளவு என்பது வேறு.

25 நிமிடம் வேலை, பிறகு சின்ன ஓய்வு என்ற பொமோடோரோ முறையும் இதன் கணினிப் பதிப்பில் இருக்கிறது. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் உருவாக்கியது அது. நம் நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை, கிட்டத்தட்ட அதே அளவுதான். ரசீது பிரிக்கிற மாதிரி அலுப்பான வேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது, கழுத்து பிடித்துக்கொள்வதும் குறைந்தது. யோசித்துச் செய்ய வேண்டிய வரிக் கணக்குக்கு நான் அதைப் போடுவதில்லை, பாதியில் எழுந்தால் நூல் அறுந்துவிடும்.

யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். எதையும் அழுத்தாமல் தானாகவே எல்லாம் பதிவாக வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. கணினியில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் என்று தானாகக் குறிக்கும் ரெஸ்க்யூடைம் போன்றவை அவர்களுக்குப் பொருத்தம், ஆனால் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தது அதற்கு எப்படித் தெரியும்? கைப்பேசியிலேயே இருக்கும் திரைநேரக் கணக்கும் அப்படித்தான், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2018இல் வந்தது, கைப்பேசியைப் பார்த்த நேரத்தை மட்டும் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு, ஓடுவது ஒரே கடிகாரம்தானே. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது லோரி கம்பெனிக்காரர் கூப்பிட்டால் எதில் எழுதுவது? மனம் எதில் இருக்கிறதோ அதில் எழுதுவது என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன், இதுவரை சரியாகவே போகிறது.

இதற்கு முன் வேறொரு செயலி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள், பழைய பதிவுகளைப் பார்க்கக் காசு கட்டு என்று சொல்லிவிட்டது. நான் எழுதிய என் நாட்கள், அதைப் பார்க்க நான் காசு கட்ட வேண்டுமாம்! அன்றிலிருந்து பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் எந்தச் செயலியிலும் முதலில் பார்க்கிறேன். டோகலில் அறிக்கையை பிடிஎஃப் ஆகவும், எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம்.

நோட்டுப் புத்தகம் போதாதா என்று என் கணவர் கேட்டார். போதும், கூட்டிப் பார்க்கப் பொறுமை இருந்தால். அம்மாவின் சர்க்கரை அளவை இன்னும் நோட்டில்தான் எழுதுகிறேன், கிளினிக்கில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நான்கு குறிச்சொல்லையும் ஏழெட்டுத் தலைப்பையும் மாதம் முழுக்க நோட்டில் கூட்டுவது என்றால் அதற்கே தனியாக ஒரு நிறம் வேண்டும்.

தொடங்குகிறவர்கள் தலைப்புகளை அள்ளிப் போடாதீர்கள். ஏழெட்டுப் போதும், அதற்கு மேல் போனால் எதில் எழுதுவது என்று யோசிப்பதே வேலையாகிவிடும். முதல் வாரம் எதையும் மாற்ற நினைக்காமல் வெறுமனே குறித்து வையுங்கள், நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று கைப்பேசி பார்த்த நேரத்தை வேலை என்று எழுதாதீர்கள், இதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. வாடிக்கையாளர் பெயரை முழுசாக எழுதாமல் ஓரெழுத்துக் குறி வையுங்கள். அவர்களின் விவரம் நம் பொறுப்பில் இருக்கிறது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013இலிருந்து நடப்பில் இருக்கிறது, எங்கேயோ இருக்கும் சர்வரில் யாருடைய பெயரும் கிடக்க வேண்டாம். முதலாளிகள் யாராவது இதைப் படித்துத் தொழிலாளியை நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிக்க எடுத்துக்கொள்ள நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். தன் நேரத்தைத் தானே பார்ப்பதற்கும் அடுத்தவர் நம் தலைக்கு மேல் நின்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, 5 பேர் வரை இலவசம், தனி ஆளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மணிக்கு இத்தனை ரிங்கிட் என்று போட்டுத் தானாகப் பெருக்கிக் காட்டும் வசதி காசு கட்டுகிறவர்களுக்குத்தான். நான் மாதக் கடைசியில் சிஎஸ்வி கோப்பை இறக்கி எக்செல்லில் பெருக்கிக்கொள்கிறேன், அதிக நேரம் பிடிப்பதில்லை. மணிக்கணக்கில் பில் போடும் வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர் என்றால் கட்டணத் திட்டத்தை யோசிக்கலாம். மற்றவர்கள் இலவசத்திலேயே இருங்கள், மாதாமாதம் கோப்பை மட்டும் மறக்காமல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.